செங்குன்றத்துக் கணக்கேடு: புகையிலைக் கம்பெனிகளின் உள் ஆவணங்களை யார் படிப்பது?

2016 ஜூலை 8ஆம் தேதி, சென்னைக்கு வடக்கே செங்குன்றம் வட்டாரத்தில் குட்கா தயாரித்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் இடங்களுக்குள் வருமான வரித்துறை அதிகாரிகள் நுழைந்தார்கள். தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை விதித்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சோதனையில் ஒரு கணக்கேடு சிக்கியது. பதவிப் பெயர்களின் சுருக்கம், அதற்கு நேரே தொகை. மொத்தம் ஏறத்தாழ 40 கோடி ரூபாய் லஞ்சமாகப் போயிருக்கிறது என்று பின்னால் செய்திகள் வந்தன.

அந்த ஏட்டைப் பற்றி வருமான வரித்துறை 2016 ஆகஸ்டில் தலைமைச் செயலாளருக்கும் காவல்துறைத் தலைவருக்கும் கடிதம் எழுதியது. கடிதம் எங்கே என்று கேட்டவர்களுக்குக் கோட்டையிலிருந்து நெடுநாள் நேரான பதில் வரவில்லை. 2017 நவம்பரில், மறைந்த முதல்வரின் இல்லமான போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தில் சோதனை நடந்தபோது, அந்தக் கடிதத்தின் நகல் சசிகலாவின் அறையில் கிடைத்ததாக வருமான வரித்துறையே உயர் நீதிமன்றத்தில் சொன்னது. இதற்கிடையே 2017 ஜூலை 19 அன்று மு.க. ஸ்டாலின் தலைமையில் தி.மு.க. உறுப்பினர்கள் குட்கா பொட்டலங்களைச் சட்டமன்றத்துக்குள்ளேயே எடுத்துக் காட்டி, உரிமை மீறல் நோட்டீஸ் வாங்கினார்கள். தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகன் தொடுத்த பொதுநல வழக்கில் 2018 ஏப்ரல் 26 அன்று உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. செப்டம்பரில் அன்றைய சுகாதார அமைச்சர், காவல்துறைத் தலைவர் ஆகியோரின் வீடுகள் வரைக்கும் சோதனை போனது. குற்றச்சாட்டை அவர்கள் மறுத்தார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. புகையிலை வியாபாரிகள் தங்களுக்காகத் தாங்களே எழுதிக்கொண்ட ஓர் ஏடு நம் கைக்குக் கிடைத்தது. அதை நாம் லஞ்சக் கணக்காக மட்டுமே படித்தோம். யாருக்கு எவ்வளவு போனது என்று கேட்ட அளவுக்கு, சரக்கு எந்தத் தெருவுக்கு எவ்வளவு போனது என்று கேட்கவில்லை. புகையிலைக் கம்பெனிகளின் உள் ஆவணங்களை வைத்து உலகில் முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் வேலையைத் தெரிந்துகொண்டால், நாம் விட்டது எவ்வளவு என்பது விளங்கும்.

அந்த வேலை ஓர் அட்டைப்பெட்டியில் தொடங்கியது. 1994 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டான்டன் கிளான்ட்ஸுக்குத் தபாலில் ஒரு பெட்டி வந்தது. அனுப்பியவர் பெயர் 'மிஸ்டர் பட்ஸ்' என்று இருந்தது. உள்ளே பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற சிகரெட் கம்பெனியின் உள் ஆவணங்கள், சுமார் 4,000 பக்கம். அந்தக் கம்பெனி பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்ற பி.ஏ.டி.யின் அமெரிக்கக் கிளை. கம்பெனிக்காக வழக்கறிஞர் அலுவலகத்தில் காகிதங்களை வகைபிரிக்கும் வேலை பார்த்த மெரல் வில்லியம்ஸ் என்பவர், யாருக்கும் தெரியாமல் நகலெடுத்து வெளியே கொண்டுவந்தவை அவை. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஏப்ரல் 14 அன்று, ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வரிசையாக நின்று, நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள் என்று தாங்கள் நம்பவில்லை என்று சத்தியம் செய்திருந்தார்கள். பெட்டியில் இருந்த 1963ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றில், அதே பிரவுன் அண்ட் வில்லியம்சனின் சட்ட ஆலோசகர் அடிசன் யீமன், நிகோடின் அடிமைப்படுத்துவது என்றும், அப்படிப் பார்த்தால் தாங்கள் செய்வது போதைப்பொருள் வியாபாரம் என்றும் எழுதிவைத்திருந்தார். முப்பத்தோரு ஆண்டுகள் தெரிந்தே மறைத்திருக்கிறார்கள்.

கசிந்து வந்த பெட்டியால் ஒரு நாட்டின் கண் திறக்கும். ஆனால் மலைபோல் காகிதத்தை வெளியே இழுத்துப் போட நீதிமன்றத்தின் கை வேண்டும். மின்னசோட்டா மாநில அரசும் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து, புகையால் வந்த நோய்களுக்குத் தாங்கள் செய்த செலவைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டன. வழக்கின் போக்கில் கம்பெனிகள் கோடிக்கணக்கான பக்கங்களை ஒப்படைக்க வேண்டிவந்தது. 1998 மே 8 அன்று வழக்கு 600 கோடி டாலருக்கும் மேலான தொகையில் சமரசமானது. பணத்தைக் காட்டிலும் பெரிய பலன் இன்னொன்று: மின்னியாபொலிஸில் ஒன்றும் இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் ஒன்றுமாக இரண்டு ஆவணக் கிடங்குகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்க வேண்டும் என்பது சமரசத்தின் நிபந்தனை. அதே ஆண்டு நவம்பரில் 46 மாநிலங்களோடு நடந்த பெரிய ஒப்பந்தம், கம்பெனிகளே தங்கள் ஆவணங்களை இணையத்தில் வைக்கும்படி செய்தது. 2002இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அவற்றைத் திரட்டி ஒரே நூலகமாக்கியது. இன்று அதில் 1.4 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள். வடசென்னையில் எங்கள் எர்ணாவூரில் கைப்பேசி வைத்திருக்கும் எந்தப் பிள்ளையும் காசில்லாமல் திறந்து பார்க்கலாம்.

கில்ஃபோர்டு கிடங்கு பி.ஏ.டி.யின் கையில் இருந்தது. ஒரு நேரத்தில் சிலருக்கே அனுமதி, நகல் கேட்டால் மாதக்கணக்கில் காத்திருப்பு. வந்தவர்கள் என்ன தேடுகிறார்கள் என்பதைக் கம்பெனி கண்காணித்தது என்று 2004இல் 'லான்செட்' இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனாலும் விடாமல் போய் உட்கார்ந்து, நகலெடுத்து, மொத்தத்தையும் பொதுவில் கொண்டுவந்தார்கள். இந்த உழைப்பைப் பற்றி நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பேட்ஸ் எண் என்று ஓர் எண் முத்திரை இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம், பின்பக்கம், கடிதம் யாருக்குப் போனது, பதில் யார் எழுதினார் என்று சங்கிலியாகப் போக வேண்டும். கம்பெனிக்காரர்கள் கடத்தலைக் கடத்தல் என்று எழுதமாட்டார்கள்; 'வரி கட்டாத சரக்கு' என்றோ 'பொது வியாபாரம்' என்றோ எழுதுவார்கள். அந்தச் சொல் தெரிந்தவருக்குத்தான் காகிதம் கிடைக்கும். அப்படித் தேடித்தான், ஆசியாவில் சிகரெட் கடத்தலில் பி.ஏ.டி.க்கு இருந்த தொடர்பை ஆய்வாளர்கள் 2004இல் எழுதினார்கள்.

ஆவணங்கள் காட்டிய பெரிய உண்மை, சந்தேகத்தைத் திட்டமிட்டு உற்பத்தி செய்தார்கள் என்பது. 1953 டிசம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் கம்பெனித் தலைவர்கள் கூடி, ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தை அமர்த்தினார்கள். 1954 ஜனவரி 4 அன்று நானூறுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் ஒரு முழுப்பக்க அறிக்கை வந்தது: புகையால் புற்றுநோய் வருகிறது என்று நிரூபணமாகவில்லை, நாங்களே ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறோம் என்பது அதன் சாரம். அதே 1954இல்தான் அடையாறில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அந்த அறிக்கை விதைத்த சந்தேகத்தின் விளைச்சலை அடுத்த எழுபது ஆண்டுகளும் அடையாறு போன்ற மருத்துவமனைகள் அறுத்துக்கொண்டிருக்கின்றன.

சந்தேகம் எப்படி உற்பத்தியாகிறது என்பதற்கு ஜப்பானிலிருந்து ஓர் உதாரணம். புகைபிடிக்கும் கணவர்களின் மனைவிமாருக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று தகேஷி ஹிராயாமா 1981இல் எழுதினார். பிறர் விடும் புகை ஆளைக் கொல்லும் என்பதற்கு உலகம் முதலில் பார்த்த பெரிய சான்றுகளில் அது ஒன்று. கம்பெனிகள் அதை உடைக்க ஜப்பானியத் தம்பதிகளைப் பற்றியே ஓர் எதிர் ஆய்வுக்குப் பணம் கொடுத்து, தங்கள் கை வெளியே தெரியாதபடி நடத்தின. ஆய்வை இயக்கியது யார், கட்டுரையில் யார் பெயரைப் போடுவது என்ற பேச்செல்லாம் கடிதங்களில் இருக்கிறது. உள் ஆவணம் இல்லாவிட்டால் அது இன்றும் விஞ்ஞானிகளுக்குள் நடந்த கருத்து வேறுபாடாகவே நின்றிருக்கும்.

இந்தக் காகிதங்கள் சட்டமாகவும் மாறின. உலக சுகாதார நிறுவனம் தாமஸ் செல்ட்னர் தலைமையில் அமைத்த குழு, அந்த நிறுவனத்துக்குள்ளேயே கம்பெனிகள் ஆட்களை வைத்து வேலையைக் கெடுத்ததை 2000இல் ஆவணங்களைக் கொண்டே எழுதியது. 2003இல் நிறைவேறிய புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் 5.3 என்ற பிரிவு இருக்கிறது: சுகாதாரக் கொள்கை வகுக்கும் இடத்தில் புகையிலைத் தொழிலின் நலன் நுழையக் கூடாது. இந்தியா 2004 பிப்ரவரியில் அதை ஏற்றது. 2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், கம்பெனிகள் மக்களை ஏமாற்றச் சதி செய்தன என்று 1,600 பக்கத்துக்கும் மேல் தீர்ப்பு எழுதினார். அந்தத் தீர்ப்பின் எலும்பும் சதையும் கம்பெனிகளின் சொந்தக் காகிதங்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1910இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா என்று தொடங்கியதுதான் இன்றைய ஐ.டி.சி. பி.ஏ.டி. அதன் பெரும் பங்குதாரராக நெடுங்காலம் இருந்துவருகிறது. நம் எல்.ஐ.சி.யும் அதில் பெரிய பங்குதாரர். மக்கள் ஆயுளுக்குக் காப்பீடு செய்யும் பொது நிறுவனம் சிகரெட் லாபத்திலும் பங்கு வாங்குகிறது; எனக்கு இது ஒருபோதும் சீரணமானதில்லை. எர்ணாவூருக்கு இதில் தூரமே இல்லை. தெற்கே விம்கோ நகர். அந்தப் பெயருக்குக் காரணமான தீப்பெட்டிக் கம்பெனி 2005இல் ஐ.டி.சி. குழுமத்தின் கைக்குப் போனது. சிகரெட் அட்டையை அச்சிடத் தொடங்கி வளர்ந்த ஐ.டி.சி.யின் அச்சு, பொதிவுப் பிரிவுக்குத் திருவொற்றியூரில் ஆலை இருக்கிறது. இங்கே எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவை. தொழிலாளிமேல் எந்தக் குறையும் இல்லை.

அமெரிக்கக் காகிதங்களில் கண்ட அதே உத்தி இங்கே பச்சையாக நடந்தது. சிகரெட், பீடி, புகையிலைப் பொட்டலங்களில் 85 விழுக்காடு இடத்தில் எச்சரிக்கைப் படம் வேண்டும் என்று 2014இல் அறிவிக்கை வந்தது. 2015 ஏப்ரல் 1 முதல் அமலாக வேண்டியது. அதற்குச் சற்று முன் நாடாளுமன்றக் குழு ஒன்று குறுக்கிட்டது. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்றார் குழுத் தலைவர். குழுவின் உறுப்பினர்களில் ஒருவர் பீடித் தொழிலதிபர். ஓர் ஆண்டு தள்ளிப்போய் 2016 ஏப்ரலில்தான் படம் வந்தது. அப்போதும் பெரிய கம்பெனிகள் உற்பத்தியை நிறுத்திவைத்து நெருக்கடி கொடுத்துப் பார்த்தன.

புகையிலை கொல்லும் என்பதற்கு இந்திய ஆய்வு இல்லையா? சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் வெ. கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டவர்களும் சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களைப் பற்றி வீடு வீடாக விசாரித்து, 2003இல் 'லான்செட்'டில் வெளியிட்டார்கள். புகைக்கும் ஆண்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப்பேரின் சாவுக்குப் புகை காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். மணலியின் புகையும் எண்ணூர் வட்டார அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சேர்ந்த காற்றில் காசநோய் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இதைவிட நெருக்கமான ஆராய்ச்சி இருக்க முடியாது. பன்னிரண்டு ஆண்டு முன்பே அச்சான இந்த ஆய்வைக் கணக்கிலேயே எடுக்காமல் டெல்லியில் அப்படிச் சொல்ல முடிந்தது. 1954இன் அறிக்கையைப் படித்தவர்கள் அந்தக் குரலை உடனே அடையாளம் கண்டிருப்பார்கள். உள் ஆவணங்களைப் படிப்பதன் முதல் பயன் இந்த அடையாளம் காணும் திறன்தான் என்பது என் துணிபு.

விளையாட்டிலும் அதே கதை. 1996 கிரிக்கெட் உலகக் கோப்பைக்கே ஐ.டி.சி.யின் சிகரெட்டான வில்ஸின் பெயர். நம் ஆட்டக்காரர்களின் சட்டையில் அந்தப் பெயரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. கிரிக்கெட்டுக்குப் பணம் போடுவது சிறுவர்களைப் புகையின் பக்கம் இழுக்கிறது என்று கோவாவின் மருத்துவர் சரத் வைத்யா அதே ஆண்டு ஆய்வு வெளியிட்டார். 2001இல் ஐ.டி.சி. அந்த ஆதரவை விலக்கிக்கொண்டது.

இந்தியாவைப் பற்றிய உள் ஆவணங்கள் நேரடியாகவே வெளிவந்தது 2017 ஜூலையில். பிலிப் மோரிஸ் இண்டர்நேஷனலின் உள் காகிதங்களை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அலசியது. உலக உடன்படிக்கையை எப்படிப் பலவீனப்படுத்துவது என்ற திட்டங்களோடு, இந்தியாவில் இளைஞர்களை மார்ல்பரோவுக்கு இழுக்கும் வழிகளும் அவற்றில் இருந்தன: கடைகளில் பளிச்சென்ற விளம்பரம், விருந்துகளில் இலவச சிகரெட். சட்டத்துக்கு உட்பட்டே நடக்கிறோம் என்றது கம்பெனி. மத்திய, டெல்லி அரசுகளின் சுகாதார அதிகாரிகள் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள். கடிதத்தைத் தாண்டி அது பெரிதாகப் போனதாகத் தெரியவில்லை. மின்னசோட்டாவைப் போல ஓர் இந்திய மாநிலமும் மருத்துவச் செலவைக் கேட்டு வழக்காடி, கம்பெனியின் பீரோவைத் திறக்கவைத்ததில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் எதிர்த்தரப்பு ஆவணங்களைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது. மக்கள் நலனுக்காக அந்த வழியில் நடக்க ஆள் இல்லை.

ஆவணம் இருந்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. ஆஸ்திரேலியாவில் ரோலா மெக்கேப் என்ற நோயாளி 2002இல் பி.ஏ.டி.யின் கிளையை எதிர்த்து வென்றார். கம்பெனி ஆவணங்களை அழித்தது வழக்கையே பாதித்தது என்று நீதிபதி சொன்னார். அதே ஆண்டு மேல்முறையீட்டில் தீர்ப்பு புரண்டது. அதற்குள் அவர் இறந்திருந்தார். 1998க்குப் பிறகு கம்பெனிகள் எழுதுவதிலும் உஷாராகிவிட்டன. கிடைப்பதெல்லாம் ஆங்கிலத்தில். அதிலும் பெரும்பகுதி சிகரெட்டைப் பற்றியது. நம் ஊர் வாயில் இருப்பதோ ஹான்ஸ், மாவா, கூல் லிப் என்ற புகையற்ற புகையிலை. மாவா தயாரிப்பவனுக்கு ஆவணக் கிடங்கு கிடையாது. சீவலையும் சுண்ணாம்பையும் புகையிலையையும் ஒரு பிளாஸ்டிக் தாளில் போட்டுத் தேய்த்து உருட்டுகிற கடைப் பின்கட்டுதான் அவன் ஆலை.

எர்ணாவூரில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும் இடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரவு பதினொரு மணிக்கு லாரியை விட்டு இறங்கும் டிரைவர், "அண்ணாச்சி, ஒண்ணு குடுங்க" என்பார். எது என்று கேட்பதில்லை. பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னாலிருந்து பொட்டலம் வரும். கேட் திறக்கும்வரை தூங்காமல் இருக்க வேண்டும். உதட்டுக்கடியில் அதை அடக்கிக்கொள்வார். இப்படி அடக்கியடக்கி வாய் திறக்க முடியாமல் போனவர்களை இந்தப் பக்கத்து மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தேசிய அளவிலான வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் புகையிலை பயன்படுத்துவோர் 2009-10இல் 16.2 விழுக்காடு. 2016-17இல் அது 20 விழுக்காடு. நாடு முழுவதும் இறங்கியபோது இங்கே ஏறியிருக்கிறது. இடைப்பட்ட காலத்தின் பிற்பகுதி, குட்கா தடை அமலில் இருந்த ஆண்டுகள். செங்குன்றத்து ஏடு எழுதப்பட்ட ஆண்டுகளும் அவைதான்.

அதனால்தான் அந்த ஏட்டை நான் விடமாட்டேன் என்கிறேன். வருமான வரித்துறை தேடிப் போனது கணக்கில் காட்டாத விற்பனையை. அப்படியானால் கைப்பற்றிய காகிதங்களில் கொள்முதல், உற்பத்தி, விநியோகம் பற்றிய செய்தி இருந்தாக வேண்டும். லஞ்சம் வாங்கியவர் பெயரை நிரூபிக்கும் பாரம் சி.பி.ஐ.க்கு. பெயர்களை மறைத்துவிட்டு, எந்த மாதம் எவ்வளவு சரக்கு எந்தப் பகுதிக்கு என்ற பக்கங்களை மட்டும் பொதுநல ஆய்வுக்குக் கொடுங்கள் என்று நீதிமன்றத்தைக் கேட்பதில் எந்தச் சட்டச் சிக்கலும் தீர்க்க முடியாததாக எனக்குத் தெரியவில்லை. தடையின் கதையும் இன்னும் முடியவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையர் ஆண்டுதோறும் தடையை நீட்டிப்பது சட்டப்படி செல்லாது என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. தடை எங்கே ஓட்டையானது என்ற சான்றில்லாமல் அடுத்த வாதத்துக்குப் போகும் அரசு வெறுங்கையோடு போகிறது.

வடசென்னைக்காரர்களுக்குக் காகிதத்தின் பலம் தெரியாதது அல்ல. எண்ணூர்க் கழிமுகத்தைக் காட்டும் 1996ஆம் ஆண்டின் கடற்கரை வரைபடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளியே வந்தபோதுதான், கழிமுகமே இல்லை என்று காட்டிய இன்னொரு வரைபடத்தை மீனவர்களால் எதிர்க்க முடிந்தது. தனியார் கம்பெனியின் பீரோவை அந்தச் சட்டம் திறக்காது. ஆனால் கம்பெனி ஆட்கள் எந்த அதிகாரியை எப்போது சந்தித்தார்கள், எந்த மனு கொடுத்தார்கள் என்பதைக் கேட்கலாம். உடன்படிக்கையின் 5.3ஆம் பிரிவுப்படி அதிகாரிகளுக்கான நடத்தை விதியை மத்திய சுகாதார அமைச்சகம் 2020இல் வெளியிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அது எப்படிக் கடைப்பிடிக்கப்படுகிறது என்று ஒரு மனு போட பத்து ரூபாய் போதும்.

செய்ய வேண்டியவற்றில் முதல் வேலை என்று நான் நினைப்பது இது. சென்னைக்கு 1980களிலிருந்தே புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. அடையாறு மருத்துவமனைதான் அதை நடத்துகிறது. வாய்ப் புற்றுநோய் ஆண்டுவாரியாக அதில் பதிவாகிறது. செங்குன்றத்துச் சரக்குக் கணக்கை ஒரு பக்கமும் இந்தப் பதிவேட்டின் வரும் ஆண்டுகளை மறுபக்கமும் வைத்துத் திருவொற்றியூர், மணலி, மாதவரம் என்று மண்டலவாரியாகப் பார்க்க, ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையும் இரண்டு வழக்கறிஞர்களும் முன்வந்தால் போதும். ஏட்டின் சரக்குப் பக்கங்களைக் கேட்கும் மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டியது சுகாதாரத் துறை.